விறைப்பூசியும் ‘உள்ளூர் மயக்க மருந்தும்’

பல்லுப் பிடுங்க முன்னர் ‘உள்ளூர் மயக்க மருந்து’ செலுத்தப்படும் என்று ஒரு துண்டுப் பிரசுரம் சொல்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் உள்ளூர் வெங்காயம், உள்ளூர் உருளைக்கிழங்கு என்று பிரித்துச் சொல்லி விற்பார்கள். அந்த வழக்கப்படி இங்கே உள்ளூர் மயக்க மருந்து என்றால் அது பனங்கள்ளுத்தான், வேறென்ன? ஆங்கிலத்தில் ‘அந்த ஊருக்குரிய’, ‘உடம்பில் ஓரிடத்துக்குரிய’ என்ற இரண்டுக்கும் ‘லோக்கல்’ என்று ஒரே சொல் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டார். இதற்குச் சோடியாக, முழுதாக மயக்குவதற்கு, ‘பொது மயக்க மருந்து’ என்றும் ஒன்று உலாவுகிறது. பொதுக்கிணறு, பொதுநூலகம்போல இதுவும் ஊருக்கெல்லாம் பொதுவானது போலும்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இணையத்தில், செய்தித்தாளில், வைத்தியசாலைப் படிவத்தில் என்று திரும்பிய பக்கமெல்லாம் இதே சொல் வந்தால் என்ன செய்வது?

இந்த ‘மயக்க’த்தின் மூலச்சொல் அனஸ்தீசியா, கிரேக்கம். ‘அன்’ இன்மை, ‘ஐஸ்தேசிஸ்’ புலனுணர்வு. 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி பொஸ்ரன் நகரில் மோர்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து வலியில்லாத சத்திரசிகிச்சையைப் பலர் முன்னிலையில் காட்டினார். அந்த நிலைக்கு இந்தப் பெயரை வைக்கலாம் என்று அவருக்கு எழுதியவர் மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வென்டல் ஹோம்ஸ். அன்றைக்கு வலி போகவேண்டுமென்றால் நினைவும் போகவேண்டும். ஆகவே அதை ‘மயக்கம்’ என்றால் பிழையில்லை. 1884இல் வியன்னாவின் மருத்துவர் கார்ல் கொல்லர் கொக்கெயினைக் கண்ணில் விட்டு, ஆள் விழித்திருக்கவே கண்ணை மட்டும் மரக்கச் செய்தார். 1898இல் ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் அவுகுஸ்ட் பீர் அதே மருந்தை முதுகுத்தண்டு நீருக்குள் ஏற்றி உடம்பின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்தார். கிரேக்கச் சொல் இதையெல்லாம் தாங்கும், ஏனென்றால் அது நினைவைப் பற்றிப் பேசவில்லை. நம்முடைய ‘மயக்கம்’ தாங்காது.

மயங்குதல் பழைய சொல். அதன் அடிப்பொருள் கலத்தல். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்று இலக்கணக்காரர் சொல்வது அதைத்தான். கலந்தால் குழப்பம், குழம்பினால் தெளிவு போகும், அப்படியே நினைவு தப்புவது வரை வந்திருக்கிறது. காதல் மயக்கமும் உண்டு, அதை விடுவோம். எப்படிப் பார்த்தாலும் தெளிந்த புத்தியோடு கதைத்துக்கொண்டிருக்கும் ஒருவரை மயக்கத்தில் இருக்கிறார் என்று தமிழில் சொல்ல முடியாது.

இப்போது பிள்ளைப்பேற்றுச் சத்திரசிகிச்சைகளில் பெரும்பாலானவை முதுகில் ஊசி போட்டுத்தான் நடக்கின்றன. தாயை இருத்தி, முன்னுக்குக் குனியச் சொல்லி, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியை விட்டு 2, 2.5 மில்லிலீற்றர் மருந்து ஏற்றுவார்கள். சில நிமிடங்களில் கால் பாரமாகி அசைக்க முடியாமல் போகும். ஆனால் அவர் முழு நினைவோடு இருப்பார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். அவரிடம் ‘மயக்க ஊசி’ என்று சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும்? “டொக்டர், எனக்கு இன்னும் மயக்கம் வரேல்லை, வெட்டிப்போடாதேங்கோ!” என்று கத்துவார். அவர் தமிழைச் சரியாக விளங்கிக்கொண்டதால்தான் அந்தப் பயம்.

சரி, இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ‘உணர்வகற்றி’ என்ற சொல்லைத் தமிழ்ப்பற்றாளர் சிலர் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு இதோடுதான் பெரிய வழக்கு. முதலாவது, ‘உணர்வு’. அது தொடுபுலனையும் குறிக்கும், நினைவையும் குறிக்கும், மனவெழுச்சியையும் குறிக்கும். ‘உணர்வற்றுக் கிடந்தார்’ என்றால் நினைவில்லாமல் கிடந்தார் என்றே எவரும் விளங்கிக்கொள்வர். ஆக, எந்த வேறுபாட்டைக் காட்டவேண்டுமோ அதையே இந்தச் சொல் மூடி மறைக்கிறது. மேடைகளில் தமிழுணர்வு, இனவுணர்வு என்று முழங்கும் ஊரில் உணர்வை அகற்றுகிறோம் என்று பலகை தொங்கவிடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, ‘அகற்றுதல்’. அகற்றினால் அகற்றியதுதான், திரும்பி வராது. வடக்கில் அந்தச் சொல்லைச் சனம் எங்கே அதிகம் பார்த்தது? கண்ணிவெடி அகற்றும் பணி நடந்த காணிகளின் பலகையில். அகற்றிய வெடி திரும்ப வந்து இருந்தால் விடுவார்களா? இந்த ஊசியின் அழகே, இரண்டு மூன்று மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடுவது. ‘நீக்கி’, ‘இழப்பி’ என்று வால் மாறி வரும் மற்றச் சொற்களுக்கும் இதே குறைதான். ‘இழப்பி’ என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏதோ பறிகொடுத்ததுபோல இருக்கும்.

இத்தனைக்கும் ஊரில் சொல் இல்லாமலா கிடக்கிறது? ‘விறைப்பூசி’ என்று ஆச்சிமார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். “விறைக்கப் போட்டுத்தான் பல்லுப் பிடுங்கினவர்”, “இன்னும் சொண்டு விறைச்சுப்போய்க் கிடக்கு” என்பது நமக்கு அன்றாடப் பேச்சு. விறைத்தல் நல்ல தமிழ். குளிரில் கை விறைக்கும், சப்பாணி கட்டி நெடுநேரம் இருந்தால் கால் விறைக்கும், பிறகு தெளியும். கொச்சை என்று ஒதுக்க அதில் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டு நண்பர்கள் நெளிவார்கள். அங்கே விறைப்பு என்றால் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. அவர்கள் ‘மரத்துப்போகும் ஊசி’ என்று சொல்லட்டும், அதுவும் நல்ல சொல்லே. இன்னொரு மறுப்பு கனமானது: விறைத்தால் இறுகவேண்டும், இந்த ஊசிக்குக் கால் தளர்ந்தல்லவா போகிறது? உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் ‘விறைச்சுப்போச்சு’ என்பவர் இறுகியதைச் சொல்வதில்லை, தொட்டால் தெரியாததைச் சொல்கிறார். இதில் ஒரு பொருத்தமும் உண்டு. முதுகூசி எதுவரை பிடித்திருக்கிறது என்று பார்க்க ஸ்பிரிட் பஞ்சையோ பனிக்கட்டியையோ வயிற்றில் வைத்து “குளிருதோ?” என்று கேட்பார்கள். குளிர் தெரியாத இடம்வரை மருந்து ஏறியிருக்கிறது என்று கணக்கு. குளிரில் பிறந்த சொல்லைக் குளிரை வைத்தே சோதிக்கிறார்கள்.

அப்போ ‘மயக்க மருந்து’ வேண்டாமா? வேண்டும், அதன் இடத்தில். புரொபபோல் என்று பால்போல் வெள்ளையாக ஒரு மருந்து இருக்கிறது. சோயா எண்ணெயும் முட்டைக்கருக் கொழுப்பும் சேர்ந்த குழம்பு என்பதால் அந்த நிறம். நாளத்தில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் ஆள் நினைவிழந்துவிடுவார். அது மயக்க மருந்து, சனம் சொல்லும் ‘முழு மயக்கம்’. ஆனால் அதே சத்திரசிகிச்சைத் தியேற்றரில் தசையைத் தளர்த்தவும் ஒரு ஊசி போடுவார்கள். அது நினைவையும் தொடாது, வலியையும் தொடாது. தனியே கொடுத்தால் எல்லாம் தெரிந்தபடி அசைய முடியாமல் கிடப்பார் மனிதர். அதையும் மயக்க மருந்துக் கணக்கில் எழுதுபவரை என்ன செய்யலாம்? ‘தசை தளர்த்தும் மருந்து’ என்று நீட்டி எழுதினால் கடதாசி தீர்ந்துவிடாது.

ஈதர் வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1847இல், யாழ்ப்பாணம் வந்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்தார். இரண வைத்தியம் (சத்திரசிகிச்சை), கெமிஸ்தம் (இரசாயனம்) எல்லாம் அவர் காலத்து நூல்கள். அவற்றின் தமிழ் இன்று கரடுமுரடாகத் தெரியலாம், ஆனால் படிக்கிறவன் நோயாளிக்கு முன் நின்று பேசவேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் கணினி தந்ததை ஒட்டிவிட்டு எழுத்துப்பிழைகூடப் பார்ப்பதில்லை. ஒரு படிவத்தில் ‘வாயால் எதுவும் இல்லை’ என்று இருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்களாம்.

துறைக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டுமென்றால் உணர்வகற்றலோ வேறெதுவோ பலகையில் இருந்துவிட்டுப் போகட்டும். ஒப்பம் வாங்கும் படிவத்தில் மட்டும் இப்படி எழுதினால் போதும்: “இடுப்புக்குக் கீழே விறைக்க முதுகில் ஊசி போடுவோம். நீங்கள் விழித்திருப்பீர்கள். தொடுவதும் இழுப்பதும் தெரியலாம், நோகாது. நொந்தால் உடனே சொல்லுங்கள், வேறு மருந்து தருவோம்.”