முக்காட்டுக்குள் இருக்கும் முடியை யார் பார்ப்பது?

ஹிஜாப் போட்டால் முடி கொட்டுமா என்று என் கிளினிக்கில் யாராவது கேட்காத வாரமே இல்லை. திருவல்லிக்கேணி, மண்ணடி, பெரியமேடு, புதுப்பேட்டை என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி ஒன்றுதான். கேட்பவர் பெரும்பாலும் அம்மா, பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது கல்லூரியில் படிக்கும் மகள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி முடியைக் கொட்ட வைக்காது. காற்றுப் படாமல் வேர் செத்துவிடும் என்பதும் சரியில்லை, முடியின் வேருக்கு வேண்டியதெல்லாம் ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. கெடுப்பது துணிக்கு அடியில் நாம் செய்யும் சில காரியங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கெடுதல் யார் கண்ணிலும் படாமல் போவது. தலை திறந்திருக்கும் பெண்ணிடம் ‘என்னடி, நெத்தி ஏறிட்டே போகுது’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். மூடிய தலைக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை, அவளும் காலையில் அவசரமாக வாரிக் கட்டி மூடிவிடுகிறாள், தெரியும்போது இரண்டு மூன்று வருடம் ஓடியிருக்கும்.

நான் அதிகம் பார்ப்பது ட்ராக்‌ஷன் அலோபீசியா, அதாவது தொடர்ந்து இழுபடுவதால் வரும் முடி உதிர்வு. இது ஹிஜாப் அணிபவர்களுக்கு மட்டும் உரியதல்ல. இறுக்கிக் கொண்டை போடும் நடனப் பெண்களுக்கும், தலைப்பாகைக்குள் முடியை முடிந்து வைக்கும் சீக்கிய ஆண்களுக்கும் வரும். 1907-லேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முதலில் பாதிக்கப்படுவது நெற்றியோரமும் காதுக்கு மேலே உள்ள பொட்டுப் பகுதியும்தான். அங்கே சின்னச் சின்னப் பருக்கள், தொட்டால் வலி, மாலையில் கொண்டையை அவிழ்க்கும்போது ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி, இவைதான் ஆரம்ப அறிகுறிகள். அந்த நிம்மதியைப் பலரும் அலுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள், இல்லை, உங்கள் வேர்கள் நாள் முழுக்க இழுபட்டிருக்கின்றன என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் இறுக்கத்தை விட்டால் முடி திரும்ப வளரும். வருடக்கணக்கில் விட்டால் வேர் இருந்த இடம் தழும்பாகிவிடும், அதற்குப் பிறகு எந்த எண்ணெயும் எந்த மருந்தும் அங்கே முடியை வரவைக்காது. மீள முடிவதற்கும் முடியாததற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் நேரம் மட்டும்தான் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, ஏன் இறுக்குகிறோம்? ஷால் நழுவுகிறது, அதனால். ஜார்ஜெட்டும் ஷிஃபானும் பார்க்க அழகு, ஆனால் வழுக்கும். வழுக்குகிறதே என்று உள்ளே கொண்டையை உயரமாக இறுக்கி, மேலே எலாஸ்டிக் வைத்த அண்டர்கேப் (ஷாலுக்கு உள்ளே போடும் துணித் தொப்பி) போட்டு, அதற்கும் மேலே நாலு பின் குத்துகிறோம். ஷாலைப் பிடித்து வைப்பது கேப்பின் துணியுடைய வேலை, அந்த வேலையை முடியிடம் கொடுக்கக் கூடாது. சொரசொரப்பான பருத்தி கேப், அதுவும் பின்னால் கயிறு வைத்துக் கட்டும் வகையாக இருந்தால் இறுக்கத்தை நீங்களே முடிவு செய்யலாம். எலாஸ்டிக் நெற்றியில் தடம் பதிக்கிறதென்றால் அந்த அளவு உங்களுக்குச் சேராது. முடியைக் கழுத்துக்கு மேலே தளர்வாகப் பின்னி விடுங்கள், அல்லது தாழ்வாக ஒரு லூஸ் கொண்டை, ஒருநாள் இடப்பக்கம் ஒருநாள் வலப்பக்கம் என்று வகிடையும் மாற்றுங்கள். தலை பின்னால் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பெரிய ஸ்க்ரஞ்சியை (துணி சுற்றிய ரப்பர் பேண்டை) உச்சியில் வைப்பதை மட்டும் தினமும் செய்யாதீர்கள், அது மொத்த எடையையும் முன்வரிசை முடி மேல் போடுகிறது. கத்திரி வெயிலில் காட்டன் வாயில் அல்லது விஸ்கோஸ் ஷாலை முக்கோணமாக மடித்து, தாடைக்குக் கீழே ஒரே பின், ஒரு முனையைத் தோளுக்கு மேல் தளர்வாக வீசினால் போதும். ஜெர்சி துணிக்குப் பின் குத்தவே தேவைப்படாது, ஆனால் மே மாதத்தில் வேர்த்துக் கொட்டும், அதை மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரத் தலை. சுபுஹுக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) முன்னால் குளித்து, ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பெண்ணிடம் ‘முடியைக் காயவிடு’ என்று சொல்வது சுலபம், செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் நனைந்த முடி தண்ணீரை உறிஞ்சி உப்பி, பலவீனமாக இருக்கும், அப்போது இழுத்துக் கட்டினால் சீக்கிரம் உடையும். சென்னையின் புழுக்கத்தில் மூடிய ஈரம் மதியம் வரைக்கும் காயாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தலையிலும் இருப்பதுதான், எண்ணெய்ப் பசையும் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பெருகும், கழுத்தில் தேமலாக வருவதும் அதேதான். காலையிலேயே தலைக்குக் குளித்தாக வேண்டிய நாளில் பழைய காட்டன் டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்து, ட்ரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து வேர்ப்பகுதியை மட்டும் காயவையுங்கள், நுனி கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை. மற்ற நாட்களில் தலைக்குளியலை இரவுக்கு மாற்றுங்கள். ஒளுவில் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்போது) தலையைத் தடவும் ஈரம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான், குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு தேயுங்கள், தேய்த்துவிட்டு அதன்மேல் கேப் போட்டு வெளியே போகாதீர்கள். கேப்பைத் தினமும் துவையுங்கள், தங்கையோடு மாற்றிப் போடாதீர்கள், பேன் அப்படியும் ஏறலாம்.

இன்னொரு விஷயம், இதை யாரும் வெளியில் பேசுவதில்லை. சின்ன வீடு, கூட்டுக் குடும்பம், தலையை மூடாமல் இருக்க முடியாதபடி கொழுந்தனாரும் அதே கூடத்தில். மருமகள் சுபுஹிலிருந்து இஷா (இரவுத் தொழுகை) வரை கேப்போடு இருக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டில் கேப்பும் பின்னும் இல்லாமல் துப்பட்டாவை மட்டும் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள், படுக்கும்போது கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். மாமியார்களே, இதில் நீங்களும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும்.

எல்லா உதிர்வும் இழுப்பால் வருவதில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. பிரசவம், டெங்கு, டைபாய்டு இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகப் போகும், அப்புறம் தானாகத் திரும்பும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, எனவே தலை முழுக்க மெலிந்தால் ஷாலைக் குறை சொல்லும் முன் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பாருங்கள். உடல் முழுக்க மூடிப் போகிறவர்கள் வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

முடியோடு சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மாட்டேன். ஷால் சுற்றும்போது பின்னை உதட்டில் கவ்விக்கொண்டு பேசாதீர்கள். ஒரு சிரிப்பு, ஒரு இருமல் போதும், பின் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பிராங்கோஸ்கோப் என்ற குழாய்க் கருவியை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இருமல் நின்றுவிட்டாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாழைப்பழமோ சோற்று உருண்டையோ விழுங்கிப் பார்க்காதீர்கள். மேக்னெட் பின் வாங்குகிறவர்கள், வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் குழந்தைகளும் இருந்தால் அதை அவர்கள் பக்கம் வைக்காதீர்கள்.

மருத்துவரிடம் தலையைத் திறந்து காட்டத் தயங்கி மருந்துக்கடையில் கேட்டு ஏதோ லோஷன் வாங்கிப் பூசுகிறவர்கள்தான் என்னை அதிகம் வருந்த வைக்கிறார்கள். ஆண் மருத்துவரிடம் போக மாட்டோம் என்று நோயோடு வீட்டில் கிடந்த பெண்களுக்காக 1885-இல் மேரி ஷார்லீப் இதே ஊரில் ஒரு மருத்துவமனை தொடங்கினார், கோஷா (பர்தா அணியும் பெண்களுக்கான) ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை அதுதான். இன்று ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி என்று எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது. பெண் மருத்துவர் பார்க்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும் என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. வருவதற்கு முந்தைய நாள் எண்ணெய் வைக்காதீர்கள். வழக்கமாகப் போடும் கேப்பையும் பின்னையும் எடுத்து வாருங்கள், எப்போதும் கட்டுவதுபோல என் முன்னால் ஒருமுறை கட்டிக் காட்டுங்கள். எங்கே இழுக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.