வினையூக்கி: புகைக்குழாய்க்குள் ஒரு சங்கச் சொல்

மின்சாரக் கார் பெருகினால் பிளாட்டினம், பல்லேடியம் விலை என்ன ஆகும் என்று பேசும் கட்டுரை எதை எடுத்தாலும், நாலாவது வரியில் 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' (வண்டியின் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) என்று ஒன்று வந்து நிற்கும். பெட்ரோல் காரில் இருக்கிற, மின்சாரக் காரில் இல்லாத ஒரு பாகம் என்று புரிந்துகொண்டு எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் அந்த முதல் பாதிச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விலைக்கணக்கின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

1823-இல் டோபரைனர் என்ற ஜெர்மன் வேதியியலாளர், பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனை ஊதினார். நெருப்பு வைக்காமலே அது பற்றிக்கொண்டது. பிளாட்டினமோ அப்படியே இருந்தது. தான் மாறாமல் மற்றதை மாற்றும் இந்த மாதிரி வேலைகளுக்கு எல்லாம் சேர்த்து 1835-இல் சுவீடன்காரர் பெர்சீலியஸ் வைத்த பெயர்தான் கேட்டலிசிஸ். கிரேக்கத்தில் அதன் வேர் 'அவிழ்த்தல்', அதாவது கட்டைத் தளர்த்துவது. அந்த வேலையைச் செய்யும் பொருள் கேட்டலிஸ்ட்.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. பழைய பாடநூல்களில் 'வினைவேக மாற்றி', இப்போது 'வினையூக்கி', இலங்கைப் பாடநூல்களில் சுருக்கமாக 'ஊக்கி'. ஊக்குதல் என்றதும் நமக்கு ஊக்கத்தொகையும் ஊக்கமருந்தும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கலித்தொகையில் ஊஞ்சலில் இருக்கும் பெண் பக்கத்தில் வந்த ஒருவனைப் பார்த்து "ஐய சிறிது என்னை ஊக்கி" என்கிறாள். கொஞ்சம் ஆட்டிவிடேன் என்று பொருள். அவனும் ஊக்குகிறான். ஊஞ்சல்தான் போய்ப்போய் வருகிறது, தள்ளிவிட்டவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். வினையூக்கிக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. (கறாரான வேதியியல் ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். வினையூக்கி தள்ளுவதில்லை, தாண்ட வேண்டிய தடையைத்தான் தாழ்த்துகிறது என்பார். அந்த வகையில் கிரேக்கச் சொல் கிட்டே வருகிறது. இருக்கட்டும், ஊஞ்சலை நான் விடுவதாக இல்லை.)

சரி, காருக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் வெட்டிப் போட்டிருந்த கன்வெர்ட்டர் ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். தகரக் கூட்டுக்குள் பீங்கான் மாதிரி ஒரு கட்டி, அதில் கொசுவலைக் கண்ணளவுக்குப் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் ஓட்டைகள், அசப்பில் தேனடைதான். உலோகம் எங்கே என்று தேடினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டைகளின் உட்சுவரில் கண்ணில் படாத துகள்களாக அது அப்பியிருக்கிறது, எல்லாம் சேர்த்தாலே ஒரு சில கிராம்தான், அதாவது ஒரு பவுன்கூடத் தேறாத வண்டிகளே அதிகம். கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் தப்பிய எரிபொருளையும் பல்லேடியமும் பிளாட்டினமும் கவனித்துக்கொள்ளும், நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிப்பது பெரும்பாலும் ரோடியம் என்ற இன்னொரு உலோகத்தின் வேலை. வடக்கே மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரைத் திருடி, உள்ளே இருக்கும் அந்த 'மண்ணை' மட்டும் உதிர்த்து விற்ற கும்பல்கள் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். காரணம் இந்தச் சில கிராம்தான்.

அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் இருந்து இது பரவலானது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். ஈயமில்லாத பெட்ரோல் அப்போது பங்க்குகளுக்கு வந்ததும் இதற்காகத்தான், ஈயம் பட்டால் வினையூக்கி செத்துவிடும்.

உலகில் விற்கும் பல்லேடியத்தில் முக்கால்வாசிக்கு மேல் இந்தப் புகைக்குழாய்க்குத்தான் போகிறது, ரோடியமும் அப்படியே. பிளாட்டினத்துக்கு நகை, கண்ணாடித் தொழில் என்று வேறு போக்கிடங்கள் உண்டு. டீசல் வண்டிக்குப் பெரும்பாலும் பிளாட்டினம், பெட்ரோல் வண்டிக்குப் பல்லேடியம். 2015-இல் புகைச் சோதனையில் ஃபோக்ஸ்வேகன் செய்த டீசல் மோசடி வெளிவந்ததும் ஐரோப்பா டீசலில் இருந்து பெட்ரோலுக்குத் திரும்ப, பல்லேடியம் ஏறத் தொடங்கியது. சுரங்க உற்பத்தியில் சுமார் 40 சதவீதம் ரஷ்யாவுடையது என்பதால், 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், மார்ச்சில் அவுன்ஸ் 3,400 டாலரையும் தாண்டியது. பிறகு மின்சாரக் கார் பற்றிய பேச்சும் சேர்ந்து அதை அடித்துச் சாய்த்தது, 2024 தொடக்கத்தில் ஆயிரத்துக்குக் கீழே. வண்டிகள் மாறி முடிவதற்கு வெகு முன்னாலேயே சந்தை மாறிவிட்டது.

இங்கேதான் சொல்லின் பொருள் திரும்ப வருகிறது. தள்ளிவிட்டவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான் அல்லவா? பத்துப் பதினைந்து வருஷம் ஓடி, வண்டி காயலான் கடைக்குப் போகும்போது அந்த உலோகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உருக்கிப் பிரித்தால் திரும்பச் சந்தைக்கு வந்துவிடும். எனவே மின்சாரக் கார் புதுத் தேவையைக் குறைக்கும் அதே வருஷங்களில், பழைய பெட்ரோல் கார்கள் தம்மிடம் இருப்பதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். எரிந்து தீர்கிற பொருளாக இருந்தால் இந்த இரட்டை அடி கிடையாது. ஹைப்ரிட் கார் நிறைய விற்றால் இந்தச் சரிவின் வேகம் குறையும், அதில் இன்ஜினும் உண்டு கன்வெர்ட்டரும் உண்டு. வெள்ளிக்குக் கதை தலைகீழ், மின்இணைப்புகளுக்காகப் பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரில் அது அதிகம், ஒரு வண்டிக்கு 25 முதல் 50 கிராம் வரை.

கடைசியாகத் தமிழாக்கம். 'வினையூக்கி மாற்றி' என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. மின்மாற்றி மின்சாரத்தை மாற்றுகிறது என்றால், இது வினையூக்கியை மாற்றும் கருவி என்றல்லவா படிக்கத் தோன்றும்? மாறாமல் இருப்பதே அது ஒன்றுதான். 'வினையூக்கப் புகைமாற்றி' என்றால் நீளம், 'புகைமாற்றி' என்றே சொல்லிப் பார்க்கலாம். பிளாட்டினத்தை மட்டும் தயவுசெய்து 'வெண்பொன்' ஆக்காதீர்கள். நம் பழைய வழக்கில் வெண்பொன் என்றால் வெள்ளி, கரும்பொன் என்றால் இரும்பு. கொலம்பியாவின் ஆற்று மணலில் தங்கத்தோடு கலந்து கிடைத்த இந்த உலோகத்தை வெள்ளியின் மட்ட ரகத் தங்கை என்று நினைத்து 'பிளாட்டினா', குட்டி வெள்ளி, என்று பெயர் வைத்தவர்கள் ஸ்பானியர்கள். அந்தக் குழப்பம் ஒருமுறை நடந்தது போதும்.