டன்னுக்கு எவ்வளவு என்று கேட்கும் முன்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில் எங்கள் லாரி புக்கிங் ஆபீசுக்கு வரும் போன்களில் முக்கால்வாசி "கொச்சிக்கு டன்னுக்கு எவ்வளவுங்க?" என்றுதான் தொடங்கும். நான் திருப்பிக் கேட்பேன்: சரக்கு எத்தனை தடவை ஏறி இறங்கப் போகிறது? வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் பெரும்பாலும் இந்த ஏற்று இறக்கில்தான் கரைகிறது.

தக்காளிக்கு நேர் லாரியை விட்டால் வேறு வழியில்லை. வடகரப்பதி தோட்டத்தில் கிரேட்டில் அடுக்கிய காய் அதே கிரேட்டோடு திருச்சூரில் இறங்க வேண்டும். கிரேட்டின் விளிம்புக்கு மேல் காய் துருத்தி நின்றால், மேலே வைக்கும் கிரேட்டின் கனம் முழுக்கக் காயின் மேல் உட்காரும். மண்டியில் சாறு ஒழுகினால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

அரை லோடு, கால் லோடு என்றால் பார்சல் சர்வீஸ். அங்கே மூட்டை குடோனில் இறங்கி, வேறு வண்டி ஏறி, மறுபடி இன்னொரு குடோனில் இறங்கும். துணிக்கு ஒன்றும் ஆகாது, டைல்ஸுக்கு ஆகும். பஞ்சு மாதிரி இடத்தை அடைக்கும் சரக்கென்றால் எடைக்கா, அடைக்கும் இடத்துக்கா எதற்குக் கட்டணம் என்று முதலிலேயே கேளுங்கள்.

கேரளத்தில் இறக்கு கூலி யார் கணக்கு என்பதையும் லோடு ஏற்றும் முன்பே பேசிவிடுங்கள். சும்மா நின்று பார்த்ததற்குக் கேட்கும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் தடை செய்தாயிற்று. வேலை செய்த சுமட்டுத் தொழிலாளிக்கான (சுமை தூக்குபவருக்கான) கூலி வேறு, அது கொடுக்க வேண்டியதுதான்.

ரயில் மலிவுதான், சிமென்ட், உரம், அரிசி என்று ரேக் (முழு சரக்கு ரயில்) கணக்கில் தூர தேசம் போனால். இரண்டு முனையிலும் லாரி பிடிக்க வேண்டும். வேகனை நேரத்தில் காலி செய்யாவிட்டால் டெமரேஜ், ஷெட்டில் சரக்குக் கிடந்தால் வார்ஃபேஜ் என்று தாமதக் கட்டணம் விழும். 200 கிலோமீட்டருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது. ரயில் பார்சலில் சரக்கின் மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாமல் விட்டால், காணாமல் போனாலும் கிலோவுக்கு 50 ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கிடையாது. பலருக்கு இது சரக்குப் போன பிறகுதான் தெரிகிறது.

தென்னை நார்க்கழிவு பிளாக் ஏற்றுமதி செய்பவர்களுக்குக் கன்டெய்னர் ஏன் ஒத்துவருகிறது என்றால், உங்கள் யார்டில் ஒரே தடவை அடுக்கி சீல் வைத்தால் வெளிநாட்டில்தான் திறக்கிறார்கள். கொச்சியின் வல்லார்பாடம் துறைமுகம் கிட்ட, தூத்துக்குடி தூரம். ஆனாலும் கப்பல் தேதியும் காலி கன்டெய்னரும் எங்கே கிடைக்கிறது என்று பார்த்துத்தான் துறைமுகத்தை முடிவு செய்ய வேண்டும். கன்டெய்னர் வந்ததும் உள்ளே ஒரு ஆளை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். கூரையிலோ மூலையிலோ ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். 5 கிலோ பிளாக் ஒன்று நனைந்தால் உப்பிக்கொண்டு பக்கத்து அடுக்கையும் தள்ளும். பாலக்காட்டுக் கணவாய் மழைக்காற்றில் லாரித் தார்ப்பாயை நம்பி இதை அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வாளையாறு செக்போஸ்டில் வரிக்காக வரிசை கட்டி நின்ற காலம் போய்விட்டது. ஆனால் ரோட்டில் வரித்துறை ஸ்குவாட் நிறுத்தும். வரி உள்ள சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். வழியில் வண்டி மாற்றினால் புது நம்பரைப் பதிவு செய்யாமல் நகர்த்தாதீர்கள். பிடித்தால் வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். காய்கறிக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்த வழியில் அனுப்பினாலும், இறங்கும் இடத்தில் குறைவோ சேதமோ இருந்தால் எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். லாரிக்காரர் மேல் வழக்குப் போட, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரயிலுக்கு, சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதம்.