பத்து ரூபாய் நாணயம்: சட்டம் எதுவரை துணை நிற்கும், வங்கி எதை மறுக்கக் கூடாது

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பத்து ரூபாய் நாணயம் இன்றும் தயக்கத்தோடுதான் கைமாறுகிறது. எங்கள் தெரு மளிகைக்கடையில் ஒரு நாள் உப்புக்கும் தீப்பெட்டிக்கும் சேர்த்து மூன்று நாணயங்களை நீட்டியபோது, கடைக்காரர் கல்லாவை முழுதாக இழுத்துக் காட்டினார். அதன் ஒரு மூலையில் அதே நாணயங்கள் ஐம்பது அறுபது கிடந்தன. "நான் வேண்டாம்னு சொல்லல சார், லைன்ல சரக்கு போட வர்ற பையன் வாங்க மாட்டேங்கிறான், அவன் ஓனர் பேங்க்ல வாங்கலைங்கிறாராம்" என்றார். நாணயம் போலியோ என்ற ஐயம் அவருக்குத் துளியும் இல்லை. அடுத்தவர் வாங்க மாட்டார் என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலை எங்கே போய் முடிகிறதென்று பார்த்தால், அது வங்கியின் காசாளர் முகப்பில் முடிகிறது.

முதலில் ஐயம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். இருவண்ணப் பத்து ரூபாய் நாணயம் 2009-இல் புழக்கத்துக்கு வந்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் ஒரு வகையில் மதிப்பு எண்ணுக்கு மேல் 15 கதிர்க் கோடுகள் இருந்தன, ரூபாய்க் குறியீடு இல்லை. 2010-இல் ரூபாய்க்கெனத் தனிக் குறியீடு ஏற்கப்பட்டதும், 2011 முதல் வந்த நாணயங்களில் அந்தக் குறியீடு இடம்பெற்றது, கோடுகளும் 10 ஆகின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் "15 கோடு போலி, 10 கோடு அசல்" என்று கிளப்பிவிட, அது ஊர் ஊராகப் பரவியது. ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு அடையாளமும் குழப்பத்தை வளர்த்தது. மும்பை நாணய அச்சாலையில் அடித்ததில் சிறு வைர வடிவமும், ஹைதராபாத்தில் அடித்ததில் நட்சத்திரமும், நொய்டாவில் அடித்ததில் புள்ளியும் இருக்கும். கொல்கத்தாவில் அடித்ததில் ஒன்றுமே இருக்காது. எந்த அச்சாலையில் அடித்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை.

இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று வெளியிட்ட அறிவிப்பில், அதுவரை வந்த 14 வகைப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று தெளிவாகக் கூறியது. ஐயம் தீர்த்துக்கொள்ள 14440 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும் அப்போது அறிவித்தது. அதன் பிறகு 2019-இல் தானியக் கதிர் பொறித்த புதிய வரிசையும், 2022-இல் விடுதலையின் 75-ஆம் ஆண்டு முத்திரை கொண்ட வரிசையும் வந்துள்ளன. பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட இருபது ரூபாய் நாணயமும், அளவில் சிறுத்துப்போன ஒரு ரூபாய் நாணயமும், கடைகளில் கண்ணில் படாமலே போய்விட்ட ஐம்பது பைசாவும் சட்டப்படி செல்லக்கூடியவையே. அண்ணாவின் நூற்றாண்டுக்காகத் தமிழ்க் கையெழுத்தோடு வந்த ஐந்து ரூபாயும் அப்படியே செல்லும், ஆனால் அதைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும் என்பது வேறு கதை. செல்லாமல் போனவை 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும்தான். அவை 2011 ஜூன் 30 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டன.

'செல்லும்' என்ற சொல்லுக்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகையைச் செலுத்தவும், ஐம்பது பைசா நாணயங்கள் 10 ரூபாய் வரையிலான தொகையைச் செலுத்தவும் செல்லத்தக்கவை. நாணயம் சிதைக்கப்படாமலும், எடை அளவுக்கு மீறிக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது உடன் வரும் நிபந்தனை. 2022-இல் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், இந்த நாணயத்தை யாரும் வாங்குவதில்லை என்பதை உலகுக்குக் காட்டுவதற்காகவே, சுமார் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகக் கொடுத்து சேலத்தில் கார் வாங்கினார். நாணயம் ஒன்றின் எடை சுமார் 7.7 கிராம் என்பதால், 60,000 நாணயங்கள் ஏறக்குறைய 460 கிலோ. விற்பனையாளர் அவற்றை ஏற்றுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை, சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தியிருக்க முடியாது.

சரி, மூன்று நாணயங்களைக் கடைக்காரர் மறுத்தால் அது குற்றமா? தேசத்துரோகம் பற்றிய 124-ஏ பிரிவில் வழக்குப் பாயும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி வெறும் மிரட்டல். அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றிய பிரிவு அது. அந்தப் பிரிவு இடம்பெற்றிருந்த இந்திய தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இல்லை. நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குபவர்களுக்கும் அழிப்பவர்களுக்கும் ஏழாண்டு வரை சிறை என்கிறதே தவிர, வாங்க மறுப்பவருக்கென்று தண்டனை எதையும் வகுக்கவில்லை. ஆகவே கடையில் குரலை உயர்த்துவதால் பெரிதாக எதுவும் நடக்காது. அரசுப் பேருந்தில் நிலைமை வேறு. நாணயங்களை மறுக்கக் கூடாது என்று போக்குவரத்துக் கழகங்கள் நடத்துநர்களுக்கு அறிவுறுத்தியுள்ளதால், மறுத்தால் பேருந்து எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு கழகத்தில் புகார் செய்யலாம்.

வங்கிக்கோ இந்தச் சலுகை கிடையாது. புழக்கத்தில் உள்ள எல்லா மதிப்பு நாணயங்களையும் கிளைகள் முகப்பிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும், மாற்றித் தருவதாயினும் கணக்கில் வரவு வைப்பதாயினும் மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலையான உத்தரவு. மேலே சொன்ன 1,000 ரூபாய் வரம்பும் இங்கே தடையாகாது, ஏனெனில் வாடிக்கையாளர் தம் கணக்கில் எவ்வளவு நாணயம் செலுத்தலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை. காசாளரின் சங்கடம் உண்மையானதுதான். முகப்பில் ஒருவரே இருந்து, பின்னால் ஓய்வூதியக்காரர்கள் வரிசையில் நிற்கும்போது, மஞ்சள் பையில் கொட்டிக் கொண்டுவந்த சில்லறையை எண்ணுவது எளிதன்று. அதற்கும் ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. நூறு நூறாகப் பாலிதீன் உறையில் போட்டுக் கொண்டுவந்தால் இரு தரப்புக்கும் வசதி. நூறு பத்து ரூபாய் நாணயங்கள் கொண்ட ஓர் உறை சுமார் 770 கிராம் இருக்கும் என்பதால், தராசில் வைத்தே சரிபார்த்துவிடலாம்.

அப்படிக் கொண்டுபோயும் "மேனேஜரைப் பாருங்கள்", "அடுத்த வாரம் வாருங்கள்" என்று அலைக்கழித்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே உறை உள்ளே போய்விடும். போகாவிட்டால், தேதி, தொகை, என்ன பதில் சொன்னார்கள் என்பவற்றைக் குறிப்பிட்டு அந்த வங்கிக்கே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையவழியிலோ அஞ்சல் வழியிலோ முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேரே அங்கே போனால் மனு திரும்பி வந்துவிடும் என்பதால், அந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.