கவிதா எப்படி 'கவிதே' ஆனார்?

ரஷ்ய மொழிச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் அங்கே மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளுடையவை. ஒருமுறை ஒரு அப்பா மூன்று தாள்களோடு வந்தார். மகளின் பெயர் கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறெங்கோ செய்த மொழிபெயர்ப்பில் ஒரு தாளில் 'கவிதே', இன்னொன்றில் 'கவிதி', பாஸ்போர்ட்டில் கவிதா. மூவரும் ஒருவர்தான் என்று அஃபிடவிட் கேட்கிறார்களாம்.

மூலத்தில் பிழையே இல்லை. ரஷ்யத்தில் ஆள் பெயரிலும் வேற்றுமை உருபு ஏறும். 'கவிதாவுக்கு வழங்கப்பட்டது' என்றால் கவிதே. 'கவிதாவின்' என்றால் கவிதி. நம் 'கவிதாவுக்கு' என்பதில் பெயர் முழுசாக நிற்கிறது. அங்கேயோ கடைசி 'ஆ'வை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உருபு உட்கார்ந்துகொள்ளும்.

ஆண் பெயரில் வேறு கூத்து. சுரேஷுக்கு என்பது 'சுரேஷு'. சுரேஷின் என்பது 'சுரேஷா'. பையன் பெண்ணாகிவிடுவான்! ரஷ்யக் குடும்பப் பெயர்களிலும் இதே பொறி உண்டு. 'இவனோவா' என்பது இவனோவ் குடும்பத்துப் பெண்ணாக இருக்கலாம், 'இவனோவ் என்ற ஆணுடைய' என்றும் இருக்கலாம். வாக்கியத்தைப் படிக்காமல் சொல்ல முடியாது. ஜாஸ்மின் போல மெய்யெழுத்தில் முடியும் பெண் பெயர் பெரும்பாலும் எந்த வேற்றுமையிலும் மாறாது.

இந்தத் தொல்லை ரஷ்யத்தோடு நிற்பதில்லை. ஃபின்னிஷ், ஹங்கேரியன் இரண்டும் யூராலிக் மொழிக் குடும்பம், ரஷ்யம் அடங்கிய ஸ்லாவிக் மொழிகளுக்கு உறவில்லை. அவற்றின் ஒட்டுகள் நமக்குப் பழகிய மாதிரி வரிசையாகக் கோக்கப்படும். ஃபின்னிஷில் 'தாலோ' வீடு. 'தாலோ-இ-ஸ்ஸா-நி' என்றால் வீடு, பன்மை, இல், என்: 'என் வீடுகளில்'. ஆனால் 'வீடு' நமக்கு 'வீட்டில்' ஆவது போல அங்கேயும் அடிச்சொல் நெளியும். துர்கு நகரத்தில் என்பது 'துருஸ்ஸா'; ககரம் காணாமல் போய்விடும். ஹங்கேரியனில் 'டெப்ரெட்சென்பென்' என்றால் டெப்ரெட்சென் நகரில், 'செகெடென்' என்றால் செகெட் நகரில். ஒரு பயோடேட்டாவில் அவர் படித்த ஊரின் பெயர் 'செகெடென்' என்றே இருந்தது. அப்படி ஓர் ஊர் வரைபடத்தில் கிடையாது.

அப்புறம் அந்த அப்பாவின் தாள்கள். இரண்டையும் புதிதாக மொழிபெயர்த்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே பெயரைப் போட்டேன். அடியில் ஒரு வரி: 'மூலத்தில் பெயர் வேற்றுமை உருபோடு உள்ளது.' உங்கள் தாளிலும் பெயரின் கடைசி எழுத்து மாறியிருந்தால், அஃபிடவிட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் மொழிபெயர்த்தவரிடம் இந்த ஒரு வரியைக் கேளுங்கள்.