அந்தச் சொல்லை சம்மரியில் எழுதாதீர்கள்

போன வாரம் ஒரு தகப்பனார் ஃபைலைத் திறந்து டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தைக் காட்டினார். நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண்டீன்ஸ் கர்ஸ்’ என்று இருந்தது. ‘கர்ஸ்’ என்பதைச் சுற்றி யாரோ நீலப் பேனாவால் அழுத்தி வட்டம் போட்டிருந்தார்கள். “இது சாபம்தானே டாக்டர்? போன்ல போட்டுப் பார்த்தேன், அப்படித்தான் வருது.” குழந்தை பாட்டி மடியில். “எங்க வம்சத்துல யாரு என்ன பாவம் பண்ணாங்களோ” என்று அந்த அம்மா சொல்லும்போது பார்வை மருமகள் பக்கம் போனது. அந்தப் பெண் இரண்டடி தள்ளி, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

இது பிறவியிலேயே வரும் அபூர்வமான நோய். குழந்தை தூங்கிவிட்டால் மூச்சு தானாகப் போதிய அளவு ஓடாது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பிறப்புகளில் ஒன்று என்பது பிரான்சிலிருந்து வந்த ஒரு கணக்கு. நான் பார்த்த குழந்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவர்களில் ஒரு குடும்பம்கூட இந்தச் சொல்லிடம் அடிபடாமல் என் அறைக்கு வந்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1962இல் செவரிங்ஹாஸ், மிட்செல் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூவரும் பெரியவர்கள், கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதியிலோ மூளைத்தண்டிலோ அறுவை நடந்தவர்கள். “மூச்சு விடுங்கள்” என்று சொன்னால் விடுவார்கள், தானாக விட மாட்டார்கள். அதற்கு அவர்கள் சூட்டிய பெயர்தான் இது. பிறகு பிறவியிலேயே வரும் இந்த நோய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. (இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடை அளக்கும் மின்முனையை இன்றைய பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவரும் இதே செவரிங்ஹாஸ்தான். எங்கள் ஐ.சி.யூ.வில் அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர் வைத்த பெயர்மேல்தான் கோபம்.)

ஆண்டீன் ஒரு நீர்த்தேவதை. 1939இல் பாரிஸில் மேடையேறிய ஜான் ஜிரோதுவின் நாடகத்தின் நாயகி. அவள் ஹான்ஸ் என்ற வீரனை மணக்கிறாள், அவன் துரோகம் செய்கிறான். இதற்கு மேல் இணையத்தில் உள்ள கதை என்ன? ‘நீ தூங்கினால் மூச்சு நின்றுபோகட்டும் என்று அவள் சபித்தாள்’ என்பதுதான். மருத்துவப் பாடங்களிலேயே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாடகத்தில் அப்படி இல்லை. ஹான்ஸ் துரோகம் செய்தால் சாக வேண்டும் என்பது நீர்த்தேவதைகளின் அரசன் போட்ட நிபந்தனை. ஆண்டீன் அவனைக் காப்பாற்றப் பார்க்கிறாள். துரோகம் செய்தது தான்தான் என்று பொய் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். அவள் பிரிந்தபின், உடம்பு தானாகச் செய்யும் வேலையெல்லாம் தான் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது, கொஞ்சம் அசந்தால் மூச்சுவிட மறந்துவிடுவேன் என்று ஹான்ஸ் புலம்புகிறான். சபித்தது அவள் இல்லை. ஆக, சபிக்காத ஒருத்தியின் பெயரில் ஒரு சாபம். அதை ஒரு பச்சைக் குழந்தையின் ஃபைலில் எழுதி வைக்கிறோம்.

‘கர்ஸ்’ என்ற சொல்லே விநோதமானது. பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் தலைகாட்டுகிறது, வேர் எதுவென்று அகராதிக்காரர்களுக்கே பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் அது நாளடைவில் தேய்ந்தும் போனது. ஒரு வசைச்சொல்லும் கர்ஸ், விடாத தொல்லையும் கர்ஸ். தமிழில் சாபம் அப்படித் தேயவில்லை. முனிவர் சபித்து அகலிகை கல்லான கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாபம் என்றால் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், நடுவே ஒரு தப்பு. அந்தத் தப்பைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது குழந்தையைப் பெற்றவளிடம்தான்.

காரணம் 2003இலேயே தெரிந்துவிட்டது: ஃபாக்ஸ்2பி என்ற மரபணுவில் ஒரு மாற்றம். பெரும்பாலும் அது அந்தக் குழந்தையிடம் புதிதாக நேர்ந்தது. கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாள், கிரகணத்தன்று வெளியே போனாளா, எதற்கும் இதில் வேலை இல்லை. சில பெற்றோருக்கு, தங்களுக்கே தெரியாமல், அந்த மாற்றம் இருக்கலாம். அதனால் அடுத்த குழந்தைக்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவரும்! மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வாசலில் நிற்காதீர்கள்.

பரிகாரத்துக்கு அலைகிற நாட்களில் என்ன நடக்கிறது என்பதுதான் என் பயம். ஒரு குடும்பம் பரிகாரம் முடித்து ஊர் திரும்பும்போது, “காருல அரை மணி நேரம்தானே” என்று மெஷின் இல்லாமல் குழந்தையைத் தூங்க விட்டது. நல்லவேளை, அந்தக் குழந்தை பிழைத்தது. அரை மணி நேரமும் தூக்கம்தான். தூங்கினால் வெண்டிலேட்டர். மடியில் கண் அசந்தாலும், பஸ்ஸில் சாய்ந்தாலும் அப்படித்தான்.

ஆக்ஸிஜன் மட்டும் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி வைத்தால் ஆக்ஸிமீட்டரில் எண் அழகாக இருக்கும், உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டே போகும். சளி பிடித்தாலும் இந்தக் குழந்தைகள் மூச்சு வாங்கிக் காட்ட மாட்டார்கள். முகத்தைப் பார்த்து ‘நல்லா இருக்கான்’ என்று இருந்துவிடாமல் ஆக்ஸிமீட்டரைப் பாருங்கள். தூக்கம் வரவைக்கும் சிரப் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அலாரம் அடித்தால் எழுந்திருக்க ஒருவர் இரவு முழுக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். கையால் அழுத்தும் ஆம்பு பை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மலம் சரியாகப் போகவில்லை என்றால் உடனே சொல்லுங்கள், இதோடு சேர்ந்து வரும் குடல் கோளாறு ஒன்று உண்டு. வளர்ந்தபின் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் போட்டி போட விடவே கூடாது. மூச்சு முட்டுவது அவர்களுக்குத் தெரியாது.

சக மருத்துவர்களே, ‘கன்ஜெனிடல் சென்ட்ரல் ஹைப்போவென்டிலேஷன் சிண்ட்ரோம்’ என்று முழுப் பெயரை எழுதுங்கள். நீளம்தான், இருக்கட்டும். ‘பிறவியிலேயே தூக்கத்தில் மூச்சு குறையும் நோய்’ என்று கீழே தமிழில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

அன்று அந்தச் சொல்லை அடித்துவிட்டு அப்படித்தான் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தகப்பனார் இரண்டு முறை படித்தார். அப்புறம் இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“முழிச்சிருக்கும்போது நான் தூக்கி வெச்சுக்கலாமா டாக்டர்?”

“தாராளமா தூக்கும்மா” என்றேன். பாட்டி எழுந்து குழந்தையை அவளிடம் கொடுத்தார்.