நேர்க்கோடாக இருந்தால் எழும்பாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஆறாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, தாத்தாவின் ஆல்பத்தில் இருந்த தபால் தலை ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கூடவே கேள்விகள்: "ஐயா, இது எந்த ஊர்ப் பாலம்? தபால் தலையில் நாட்டுப் பெயரையே காணோம். பாலம் ஏன் இப்படி வளைந்து போகிறது? நேராகப் போட்டிருந்தால் இரும்பு மிச்சமாகியிருக்குமே?"

நாட்டுப் பெயர் இல்லாததுதான் முதல் துப்பு. 1840-இல் உலகின் முதல் தபால் தலையை வெளியிட்ட நாடு பிரிட்டன். அந்த உரிமையில், தன் பெயரை அச்சிடாமல் அரசர் அல்லது அரசியின் தலையுருவை மட்டும் மூலையில் போட்டுக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. இந்தத் தபால் தலை 2000 ஜூனில் வந்தது. அதில் இருப்பது வட இங்கிலாந்தில் டைன் ஆற்றின் மேலுள்ள கேட்ஸ்ஹெட் மில்லேனியம் பாலம். ஒரு கரையில் கேட்ஸ்ஹெட், மறுகரையில் நியூகாசல். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் மட்டுமே பயன்படுத்தும் பாலம் அது. அதே ஜூன் மாதம் லண்டனில் திறந்து, ஆட்டம் கண்டு, இரண்டே நாளில் மூடப்பட்டதும் ஒரு மில்லேனியம் பாலம்தான். அது வேறு, இது வேறு.

தபால் தலை வந்த நாளில் இந்தப் பாலம் அந்த இடத்திலேயே இல்லை. ஆற்றின் கீழ்ப்பக்கம் வால்செண்ட் என்ற ஊரில் முழுப் பாலத்தையும் சேர்த்து முடித்து, 2000 நவம்பர் 20 அன்று ஆசியன் ஹெர்குலிஸ் 2 என்ற மிதக்கும் பாரந்தூக்கி அதை ஒரே துண்டாகத் தூக்கி வந்து வைத்தது. மக்கள் நடக்கத் தொடங்கியது 2001 செப்டம்பரில்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. ஒரு பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

டைன் ஆற்றில் கப்பல் போக வேண்டும். கப்பல் போகிற உயரத்துக்குப் பாலத்தைக் கட்டினால், சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தை வண்டி தள்ளுபவரும் மலை ஏறுவதுபோல் ஏற வேண்டும். தாழ்வாகக் கட்டினால் கப்பல் நிற்கும். ஆகவே பாலம் அசைந்தாக வேண்டும். நடுவில் பிளந்து இரு பக்கமும் தூக்குவது, ஒரு பக்கமாகத் திருப்புவது என்று பழைய வழிகள் எத்தனையோ உண்டு. வில்கின்சன் ஐர் என்ற கட்டடக்கலை நிறுவனமும் கிஃபர்ட் என்ற பொறியியல் நிறுவனமும் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்தன. முழுப் பாலத்தையும் அப்படியே சாய்த்துவிட்டன.

இதைப் புரிந்துகொள்ளப் பாட்டி ரப்பர்ப் பால் வெட்டப் போன காலத்து வாளி ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியின் கைப்பிடி இரண்டு காதுகளில் மாட்டியிருக்கும். அதை ஒரு பக்கமாகப் படுக்க வைத்துவிட்டு மெல்லத் தூக்குங்கள். காதுகள் இருந்த இடத்திலேயே இருக்கும், கைப்பிடியின் நடுப்பகுதி மட்டும் மேலே வரும். காரணம், அது வில்லாக வளைந்திருப்பதுதான். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு நேராக ஒரு கம்பியைச் செருகித் திருப்பிப் பாருங்கள். கம்பி தன் இடத்திலேயே உருளும், ஒரு மயிரிழைகூட உயராது. சுழலும் அச்சுக்கோட்டின் மேலேயே முழுக் கம்பியும் கிடந்தால் உயர்வதற்கு என்ன இருக்கிறது? அச்சிலிருந்து விலகிய பகுதிதான் எழும்பும். எவ்வளவு விலகல் உண்டோ, அவ்வளவு எழுச்சி உண்டு.

ஆகவே நேராகப் போட்டிருந்தால் இரும்பு மிச்சமாகியிருக்கும், கப்பல் போயிருக்காது. 126 மீட்டர் நீளமுள்ள அந்த நடைபாதை ஆற்றின் மேல் பக்கவாட்டில் வளைந்து போவது அழகுக்காக மட்டும் அல்ல. கரைகளில் உள்ள இரண்டு சுழல்மூட்டுகளை இணைக்கும் கற்பனைக் கோட்டிலிருந்து விலகி நிற்பதற்காகவே அது வளைகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே இரண்டு மூட்டுகளில் இன்னொரு வில்லும் மாட்டியிருக்கிறது. ஆற்றுக்கு மேல் 50 மீட்டர் உயரத்தில் நிற்கும் எஃகு வளைவு அது. ஒன்று படுத்த வில், மற்றொன்று நின்ற வில். இரண்டையும் 18 கம்பிவடங்கள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. மூட்டுகளைத் திருப்பினால் இரண்டும் ஒரே உடலாகத் திரும்பும். நின்ற வில் பின்பக்கம் சாய்ந்து இறங்க இறங்க, படுத்த வில் மேலே வரும். 40 பாகை திரும்பி முடிந்ததும் இரண்டுக்கும் அடியில் 25 மீட்டர் உயரக் கப்பல் போகலாம்.

இறங்கும் வில் தன் எடையைக் கொண்டு ஏறும் வில்லைத் தூக்கிவிடுகிறது. இதைக் கணக்கில் பார்த்தால் இன்னும் இனிக்கும். பாலத்தின் எடை ஏறத்தாழ 850 டன். அவ்வளவு எடையை 25 மீட்டர் உயரத்துக்கு நேராகத் தூக்க, துளி விரயம் இல்லாவிட்டாலும், சுமார் 58 யூனிட் மின்சாரம் வேண்டும். நம் வீட்டு மின்கட்டண ரசீதில் வருகிற அதே யூனிட்தான். இந்தப் பாலத்தைத் திருப்புவன ஆறு ஹைட்ராலிக் தண்டுகள், கரைக்கு மூன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் 55 கிலோவாட் மோட்டார். தண்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அவற்றைத் தள்ளுவது எண்ணெய் அழுத்தம். அடைத்துவைத்த எண்ணெயை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்ற பாஸ்கல் விதி, பள்ளியில் படித்ததுதான். காற்று சாதகமாக இருந்தால் நாலரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்த நாலரை நிமிடமும் ஆறு மோட்டார்களும் முழுச் சக்தியில் ஓடினாலும் கணக்கு 25 யூனிட்டைத் தாண்டாது. மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை, தேவைப்படவே இல்லை. ஒரு பகுதி ஏறும்போது இன்னொரு பகுதி இறங்குகிறது, கரையோர முனைகள் ஏறக்குறைய அசைவதே இல்லை. திரும்பி வரும்போது வளைவை மறுபடி நிமிர்த்த வேண்டுமே என்று கேட்பீர்கள். இறங்கும் நடைபாதை அந்த வேலையில் பங்கெடுத்துக்கொள்கிறது.

கம்பிவடங்களையும் கொஞ்சம் கவனியுங்கள். வடத்தால் இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது. பாலம் மூடியிருக்கும்போது அவை நடைபாதையைத் தூக்கிப் பிடிக்கின்றன. சாய்ந்து திறந்த நிலையில் வளைவு ஒரு பக்கம் விழப் பார்க்கிறது, நடைபாதை எதிர்ப்பக்கம் விழப் பார்க்கிறது, வடங்கள் நடுவில் இரண்டையும் இழுத்துப் பிடிக்கின்றன. வேலை மாறுகிறது, இழுவிசை மட்டும் விடுவதில்லை.

எஸ்டேட்டில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குப் பாலம் என்றதும் வேறொன்று நினைவுக்கு வரும். "பக்கத்துல பாலம் கட்டுறாங்க, பொழுது சாஞ்சா வெளிய போகாதே, தலை எடுக்கிறவன் வருவான்." தூணுக்கு அடியில் மனிதத் தலை வைத்தால்தான் பாலம் நிற்கும் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த நம் லயங்களில் மட்டுமல்ல, மலாய், சீனக் குடும்பங்களிலும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கதை. இந்தக் கதை எனக்கு இன்றும் கோபம் தருகிறது. சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலேயே காராயில், பேராக் ஆற்றின் மேல் 1900-இல் முடிந்த விக்டோரியா பாலம் நிற்கிறது. அன்று ரயில் ஓடியது, இன்று மக்கள் நடக்கிறார்கள். அதைத் தாங்குவன இரும்புச் சட்டங்களின் முக்கோணங்கள். முக்கோணத்தின் பக்கங்களை நீட்டாமல் குறைக்காமல் அதன் வடிவத்தை மாற்ற முடியாது. இந்த ஒரு வரியை அன்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

கேட்ஸ்ஹெட் பாலத்தின் செலவில் ஒரு பங்கு பிரிட்டனின் தேசிய லாட்டரிப் பணத்திலிருந்து வந்தது. பொதுப்பணம் இப்படி அறிவாகவும் வசதியாகவும் மக்களிடம் திரும்புவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பள்ளிக்கு ஒரு பட்டறை மேசை போடுங்கள். குறடு, கம்பி, நூல், ஒரு தராசு, இவை போதும். பரிசுக் கோப்பைகளுக்கு ஆகும் செலவில் அடங்கிவிடும்.

அந்த மேசை வரும்வரை, கேள்வி கேட்ட பிள்ளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அட்டைப்பெட்டி ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு துளை போடு. துணி மாட்டும் கம்பியை இரண்டு வில்லாக வளைத்து, ஒன்று படுத்தும் மற்றொன்று நின்றும் இருக்கும்படி முனைகளைச் சேர்த்து முறுக்கித் துளைகளில் செருகு. இரண்டுக்கும் நடுவே நூலைக் கட்டு. நின்ற வில்லைப் பின்னால் சாய்த்தால் படுத்த வில் எழும்பும். பிறகு நின்ற வில்லின் உச்சியில் களிமண்ணைச் சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வா. ஓர் அளவில், விரல் நுனி பட்டாலே பாலம் திறக்கும். படுத்த வில்லின் மேல் காகிதத்தை ஒட்டி நடைபாதையாக்கி, நாலு அரிசியைப் போட்டுச் சாய்த்தால் அவை முனைகளை நோக்கி ஓடும். கேட்ஸ்ஹெட்டிலும் அப்படித்தான்: பாலம் சாயும் ஒவ்வொரு முறையும் மக்கள் போட்ட குப்பை உருண்டு போய், அதற்கென்றே முனைகளில் வைத்திருக்கும் பொறிகளில் விழுந்துவிடுகிறது.